பழைய பீங்கானும் ஒரு லேஸ் விரிப்பும்

விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே எடுக்கிற பாத்திரம் என்று எல்லா வீட்டிலும் ஒரு செட் இருக்கும். ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் தொட்டால் முதுகில் ஒன்று விழும். இங்கிலாந்திலும் இதே கதைதான்! அங்கே அது பீங்கான் டின்னர் செட். பெரும்பாலும் கல்யாணப் பரிசாக வந்தது. அந்த வீட்டுப் பாட்டி காலமானதும் பேரன் பேத்திகளுக்கு அதை வைக்க இடம் இருப்பதில்லை. தங்க விளிம்பு போட்ட தட்டை மைக்ரோவேவில் வைக்க முடியாது, டிஷ்வாஷரில் போட்டால் பூ வேலை மங்கிவிடும். அட்டைப்பெட்டியில் கட்டி சாரிட்டி கடையில் கொடுத்துவிடுகிறார்கள்.

(சாரிட்டி கடை என்றால், தானமாக வரும் பழைய பொருளை விற்று அந்தப் பணத்தை நல்ல காரியத்துக்குச் செலவு செய்யும் கடை. ஆக்ஸ்ஃபாம் 1940களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றைத் திறந்தது.)

அளிப்பு குறைந்தால் விலை ஏறும் என்பது வணிகவியலில் முதல் வருஷப் பாடம். பீங்கானுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பகுதியில் ராயல் டவுல்டன் தன் தொழிற்சாலையை 2005இல் மூடியது. ஸ்போட் 2008இல் நொடித்தது. எத்தனையோ டிசைன்கள் இனி வரப்போவதில்லை. விலை எகிறியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை! கேட்கிற ஆள் அதைவிட வேகமாகக் குறைந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் காசு சேர்த்து வாங்கிய தட்டு, இன்று சில பவுண்டுக்குக் கிடைக்கிறது.

அந்தக் கடையில் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சாப்பிட்ட தட்டு என்றால் கத்தி பட்ட மெல்லிய கீறல்கள் தெரியும். சில தட்டுகளில் ஒரு கீறல்கூட இருக்காது. நல்ல நாளுக்கு ஆகும் என்று யாரோ ஒரு அம்மா எடுத்து வைத்திருக்கிறார். அந்த நாள் வராமலே பெட்டி இங்கே வந்துவிட்டது... கீறல் விழுந்த தட்டைக் குறைவாக நினைக்கவே கூடாது. அதில் யாரோ வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

வாங்கும்போது மண்பானையைத் தட்டிப் பார்ப்பது போலவே விரலால் சுண்டிப் பார்க்கவேண்டும். கணீர் என்றால் சரி, மொத்தையாகக் கேட்டால் எங்கோ விரிசல். பின்பக்கம் 'இங்கிலாந்து' என்ற முத்திரை இருந்தால், அனேகமாக 1891க்குப் பிறகு செய்தது. அமெரிக்கச் சட்டம் ஒன்று இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றதால் வந்த பழக்கம் அது. மேல்பூச்சில் வலை மாதிரி வெடிப்பு இருந்தால் புளிப்பான உணவு வேண்டாம், பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். இன்னொன்று: 'போன் சைனா'வில் கிட்டத்தட்ட பாதி மாட்டெலும்புச் சாம்பல். சுத்த சைவம் என்பவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்!

எட்டும் ஒரே செட்டாகக் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். எட்டும் எட்டு விதமாக இருக்கட்டும். ஏதாவது ஒன்று மட்டும் பொதுவாக இருந்தால் போதும்: எல்லாமே நீலம், அல்லது எல்லாவற்றிலும் தங்க விளிம்பு. முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம், அதன் கூர் தட்டைப் பார்த்து.

இனி லேஸ். வெள்ளை மேஜையில் வெள்ளை லேஸ் விரித்தால் வேலைப்பாடே தெரியாது, அடியில் ஒரு வண்ணத் துணி வேண்டும். பூக்கள் எல்லாம் அச்சடித்தது போல இருந்தால் இயந்திர லேஸ், நாட்டிங்ஹாம் நகரம் அதற்குப் பேர்போனது. ஒரு பூவுக்கும் அடுத்ததற்கும் துளி வித்தியாசம் இருந்தால் யாரோ கையால் பின்னியது. அந்தக் கை நாகர்கோவில் பக்கத்துக் கையாகவும் இருந்திருக்கலாம். திருவிதாங்கூர் காலத்தில், 1820களில், லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அவர்களில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். லேஸ் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. வாங்கி மேஜையில் விரித்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். விருந்தில் அந்தப் பெண்களைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள்?

லேஸில் தேநீர் சிந்தினால் பதற வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல், துண்டின் மேல் விரித்துக் காயவைக்கலாம். தங்க விளிம்புத் தட்டுகளை மட்டும் கையால்தான் கழுவவேண்டும். விருந்தாளிகளில் யாரையாவது அதற்கு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது :-)