கலிபோர்னியக் கடலில் ஒரு ‘கட்டுமரம்’

மனிதரைப் போலவே சொற்களும் கடல் கடந்து செல்கின்றன. சென்ற இடத்தில் புதுத் தொழில் தேடிக்கொள்கின்றன. சோழமண்டலக் கரையில் மரங்களைக் கயிற்றால் பிணைத்து நம் மீனவர் செலுத்திய கட்டுமரத்தைப் பற்றி, ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் எழுதி வைத்தார். அந்தத் தமிழ்ச் சொல்லே சற்றுத் திரிந்து, இன்று உலகெங்கும் இரட்டை மிதவைப் படகுகளுக்குப் பெயராய் வழங்குகிறது. உருவத்தில் ஒற்றுமை சிறிதே. பெயர் மட்டும் நம்முடையது. அப்பெயர் தாங்கிய சிறு பாய்ப்படகு ஒன்றில் ஏறும் வாய்ப்பு, நாம் அமெரிக்காவிலுள்ள தங்கையின் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது கிட்டியது.

லாஸ் ஏஞ்சல்சுக்கும் சான் டியேகோவுக்கும் இடையே பசிபிக் கடலோரத்தில் அமைந்த ஊர் டேனா பாயின்ட். அதை அடுத்துள்ள சான் ஹுவான் கப்பிஸ்ட்ரானோவில், பிரான்சிஸ்கன் துறவி ஜுனிப்பெரோ செர்ரா 1776-இல் நிறுவிய பழைய ஆலயம் உள்ளது. புனித சூசையப்பர் திருநாளாகிய மார்ச் 19-ஆம் நாள் தகைவிலான் குருவிகள் அங்குத் திரும்பி வரும் என்பது ஊர் மரபு. காலையில் அங்கு செபித்துவிட்டு, தங்கை மகனுடன் கடற்கரையை அடைந்தோம்.

அலைச்சறுக்குப் பலகைகள் செய்து புகழ்பெற்ற ஹோபி ஆல்டர் 1954-இல் கடை திறந்தது இவ்வூரில்தான். மணலிலிருந்தே தள்ளிக் கடலில் இறக்கவும், திரும்பி வந்து மணலிலேயே ஏற்றவும் கூடிய எளிய பாய்ப்படகை அவர் 1968-இல் மக்களுக்கு அளித்தார். அதையடுத்து வந்த பதினாறு அடிப் படகு ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றதாம். நாம் ஏறியதும் அவ்வகையே. நீளம் சுமார் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ. இரு மிதவைகளுக்கும் இடையே இழுத்துக் கட்டிய துணித்தளமே அமருமிடம்.

பாயில் காற்று நிறைந்ததும் படகு ஒரு பக்கம் சாயும். காற்று வரும் பக்கத்து மிதவை நீரைவிட்டு எழும். அதை அழுத்தி நிறுத்த ஆளின் பாரம் வேண்டும். விளிம்பில் அமர்ந்தும் போதாவிடில், பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து தொங்கும் கம்பியின் வளையத்தை இடுப்புக் கச்சையின் கொக்கியில் மாட்டி, விளிம்பில் பாதம் ஊன்றி, உடல் முழுவதையும் கடலுக்கு மேலே சாய்த்து நிற்க வேண்டும். இதற்கு ‘டிரபீஸ்’ என்று பெயர். சர்க்கஸ் ஊஞ்சலின் பெயரும் அதுவே. ஏற்றம் இறைப்பவர் துலாவின் மேல் நடந்து நுனியை அடைய அடைய அவர் பாரம் வலுப்பதை நம் கிராமங்களில் கண்டவர்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும்.

பீட்டர் ஸ்காட்டும் ஜான் வின்டரும் 1938-இல் இங்கிலாந்தின் பால்மத் நகரில் இம்முறையால் பந்தயம் வென்றனர்; உடனே அவ்வகைப் படகுகளுக்கு அது தடைசெய்யப்பட்டது! ஆனால் பாரத்தை வெளியே கொண்டுசெல்லும் கலை அதனினும் பழையது. இலங்கையில் நீர்கொழும்பு போன்ற ஊர்களின் மீனவர், ஒருபுறம் மிதவைக்கட்டை பூட்டிய பாய்வள்ளத்தில், காற்று வலுத்தால் கட்டையைத் தாங்கும் கழிமேல் ஏறி நிற்பர். ‘ஓர் ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று’ என்று காற்றையே ஆட்கணக்கில் அவர்கள் அளந்ததாகக் கூறுவர்.

படகை இறக்குமுன் தங்கை மகன், “மாமா, இதற்குமுன் தொங்கியவர் உங்களைவிட உயரம். வளையத்தின் உயரத்தை மாற்றிவிடுவோம்” என்றான். “இருக்கட்டும் மாப்பிள்ளை, நல்ல காற்று வீணாகிறது” என்றோம். அந்த அவசரமே நம்மைக் கவிழ்த்தது.

துறைமுகத்து அலைதாங்கிச் சுவருக்கு அப்பால் கம்பியில் தொங்கினோம். வளையம் தாழ்ந்திருந்தமையால் உடல் விளிம்புக்கும் கீழே போயிற்று. ஓர் அலை முதுகில் மோதியது, பாதம் நழுவியது. ஊசலைப்போல் முன்னோக்கி வீசப்பட்டோம். நம் பாரமும் முன்னே சென்றதால், தாழ்ந்திருந்த மிதவையின் மூக்கு நீரில் குத்தி, படகு புரண்டது. கொக்கி கழலவில்லை. தலை நீருக்குள் இருந்த சில நொடிகள் ஒரு யுகமாய்த் தோன்றின. மருமகன் நீந்தி வந்து கம்பியைத் தளர்த்தி விடுவித்தான். பின்னர், படகின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி, நீரில் கிடந்த மிதவைமேல் இருவரும் நின்று, கயிற்றைப் பற்றிப் பின்சாய்ந்து அதை நிமிர்த்தினோம்.

கரையில் பாடம் தொடங்கியது. மிதவையின் விளிம்பில் அமர்ந்து வளையத்தை மாட்டினோம். அந்நிலையில் கம்பி தொய்யவும் கூடாது, நம்மைத் தூக்கிவிடவும் கூடாது. விறைத்து, உடலைத் தாங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கப்பிக் கயிற்றை இழுத்து வளையத்தை நாலு அங்குலம் உயர்த்தினான். தாழ்வாய்த் தொங்குவோருக்கு ஆற்றல் அதிகம். ஆயின் அலை அவரை எளிதில் அடித்துச் செல்லும். ஆகவே புதியவருக்குச் சற்று உயரமே நல்லது. இருபுறத்துக் கம்பிகளையும் தளத்தின் கீழாக இணைக்கும் ரப்பர் கயிறு தொய்ந்துள்ளதா, கம்பியில் இழை பிரிந்துள்ளதா, முடிச்சு தேய்ந்துள்ளதா என விரலால் தடவிப் பார்த்தான். படகு திடீரென வேகம் குறைந்தால் உடல் முன்னே பாயாதிருக்க, முன்காலை நீட்டி ஊன்றி, பின்காலைச் சற்று மடித்து நிற்கவும் பழக்கினான்.

மாலையில் மீண்டும் சென்றோம். இம்முறை கம்பி நம்மைத் தாங்கியது. நாம் படகைத் தாங்கினோம். எழுந்த மிதவை மெல்ல இறங்கி நீரைத் தொட்டது. சுக்கான் பிடித்திருந்த மருமகன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

குடும்பத்தில் பாரம் தாங்க வெளியே சாய்ந்து நிற்பவர் எப்போதும் ஒருவர் உண்டு. அவர் துணிவை நாம் போற்றுகிறோம். அவர் தொங்கும் கம்பி அவருக்குப் பொருந்துகிறதா, தேய்ந்துள்ளதா என்று கரையிலிருக்கும்போதே தொட்டுப் பார்க்கிறோமா? இளையவன் அதைச் செய்ய முன்வந்தான். மூத்த நாமோ ‘இருக்கட்டும்’ என்றோம். அச்சொல்லை அன்று பசிபிக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தோம்.