கணுக்கால் சொல்லும் கணக்கு

லண்டனில் ஒரு பாலே குழுவின் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் தோழி அழைத்துத்தான் அந்த ஒத்திகைக் கூடத்துக்குப் போனேன். எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் காலை வகுப்புக்கு வந்தே ஆகவேண்டும். சுவரோரக் கம்பியைப் பிடித்து முழங்கால் மடக்குவதில் தொடங்குகிறார்கள். அன்று ஆசிரியை சுவரளவு கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டு, கம்பியிலிருந்து கையை எடுத்துக் கண்ணை மூடச் சொன்னார். அதுவரை அசையாமல் நின்றவர்களில் பாதிப்பேர் தள்ளாடினார்கள்.

நாம் விழாமல் நிற்கக் கண், உட்செவி, தசையிலும் மூட்டிலும் இருக்கும் உணர்நரம்புகள் ஆகிய மூன்றும் மூளைக்குச் சேதி அனுப்பியபடி இருக்கின்றன. கண்ணாடி முன்னாலேயே பழகியவர்களுக்குக் கண்தான் முதலாளி. மேடையிலோ கண்ணாடி கிடையாது. முகத்தில் விளக்கு, எதிரே இருட்டு. பாதம் தன் இருப்பைத் தானே அறிந்தாக வேண்டும். உட்செவியைக்கூடப் பயிற்சி மாற்றிவிடுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 29 பாலே பெண்களையும் படகு வலிக்கும் 20 பெண்களையும் இருட்டில் நாற்காலியில் வைத்துச் சுழற்றிப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பாலே பெண்களுக்குத் தலைசுற்றல் சீக்கிரம் அடங்கியது. உட்செவியின் சேதியை வாங்கும் சிறுமூளைப் பகுதியும் அவர்களுக்குச் சிறிதாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் இளம் கலைஞர் ஒருவர் தரையில் உட்கார்ந்து, விரல் நுனியில் நின்று ஆட அணியும் பாயின்ட் ஷூ ஒன்றைப் புதிதாகப் பிரித்தார். விரல் நுனிக்கூடு துணியும் தாளும் பசையும் அடுக்கி இறுகியது. சத்தம் குறைய அதைத் தரையில் ஓங்கி அடித்தார். உள்தட்டையை வளைத்தார். வழுக்காதிருக்க அடித்தோலைக் கத்தியால் கீறினார். நுனியைச் சுற்றித் தடித்த நூலால் நெருக்கித் தைத்தார். உடல் முழுவதையும் தாங்கும் அந்த நுனி தீப்பெட்டி அளவுகூட இல்லை. ஃப்ரீட் நிறுவனத்தில் இந்த ஷூவைக் கையால் செய்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனி முத்திரை. அதை அடியில் பதிக்கிறார்கள். தமக்குப் பழகிய முத்திரையை நடனக்காரர்கள் லேசில் விடுவதில்லை.

தைத்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். முன்பு வேறொரு குழுவில், குதித்து இறங்கும்போது கணுக்கால் பிசகியது. வீக்கம் வற்றியதும் மேடையேற்றிவிட்டார்கள். அதே கால் மறுபடி மடங்கியது. தசைநார் கிழியும்போது அதிலுள்ள உணர்நரம்பு முனைகளும் சேதமாகின்றன என்றார் தோழி. வலி போன பிறகும் கால் எங்கே இருக்கிறது என்ற சேதி தெளிவாக வருவதில்லை. ஸ்வீடன் ராயல் பாலே கலைஞர்களிடம் நடந்து 1996இல் வெளியான ஆய்வும், சுளுக்கு கண்ட காலில் நிற்கையில் தள்ளாட்டம் கூடுவதைக் காட்டியது.

பிறகு அந்த இளம் கலைஞரை மெத்தென்ற ஃபோம் பலகையில் கண்மூடி ஒற்றைக்காலில் நிற்கவைத்தார்கள். பாதத்தின் மேற்புறத் தசைநாண்கள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்கின. பெருவிரல் பலகையை அழுத்தி அழுத்தி விட்டது. காலின் சேதியை மீட்கும் அந்த வேலை முடிய வாரங்கள் ஆகும். டிக்கெட் விற்றாயிற்று என்பதற்காக அந்த வாரங்களை வெட்டுகிறவர்கள் ஒரு கலைஞரின் ஆயுள் உழைப்பைக் களவாடுகிறார்கள்.

நம்மூரில் நடனம் கற்பிப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் கால் பிசகினால் வீக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். கண்மூடி ஒற்றைக்காலில், நல்ல காலுக்குச் சமமாக அந்தக் காலும் நிற்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டிச் சோதித்த பிறகே சலங்கை கட்ட விடுங்கள்.