இரண்டரை மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வான்வழியாகக் கிட்டத்தட்ட 3,000 கி.மீ. சென்னை அதைவிடக் கொஞ்சம் பக்கம். எதற்குப் போனாலும் நாலு மணி நேரம், முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் கடிகாரத்தைக் கேட்டால் வேறு கணக்கு சொல்லும். இங்கே மாலை ஆறு மணிக்கு ஏறினால் திருச்சியில் ஏழரைக்கு இறங்கிவிடலாம். ஒன்றரை மணி நேரத்தில் ஊர்! திரும்பும்போது அதே தூரம் ஆறரை மணி நேரமாகிவிடும்.

போகும்போது கிடைத்த அந்த இரண்டரை மணி நேரமும் கையில் நிற்பதில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திருச்சியிலிருந்து கார் எடுக்கும் நேரமும் அதேதான். போதாக்குறைக்குப் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். கோடாலித் தைலமும் மைலோவும் அடைத்த என் பெட்டி எப்போதும் கடைசியில்தான் வரும்.

தாத்தா காலத்தில் இந்த நேர வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1-ஆம் தேதி மலேசியா தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதனால்தான் இங்கே ஏழு மணிக்குத்தான் சூரியன் தலைகாட்டுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டில் பஸ் ஏறுகிறார்கள். இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, நடுவில் அரை மணி நேரம் கூடிவிட்டது.

தாத்தா வந்தது ரஜூலா கப்பலில். நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கில் நின்று, ஒரு வாரம் போல. வந்து சேர்ந்ததற்கு ஊரில் ஆதாரம், பிறகு வந்த கடிதம்தான். அதுவரை பாட்டி என்ன கணக்குப் போட்டிருப்பாள் என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

அம்மாவின் கணக்கு எனக்குத் தெரியும். நேர வித்தியாசமெல்லாம் அவளுக்குத் தேவையில்லாத சங்கதி. போன தடவை திரும்பும் விமானம் இரவு பதினொன்றரைக்கு. ஏறியதும் போன் செய்தேன். “எத்தனை மணி நேரம்?” என்றாள். நாலு என்றேன். “சரி, வை.”

சாங்கியில் இறங்கும்போது காலை ஆறு, இருட்டு விலகவில்லை. ஒன்பதுக்கு வேலைக்கு நிற்க வேண்டும். தூக்கத்தில் இரண்டரை மணி நேரம் பறிபோன எரிச்சலோடு போனைத் திறந்தேன். உடனே அடித்தது.

“மூணரை ஆயிடுச்சே, எறங்கிட்டியாப்பா?”

“நீ இன்னும் தூங்கலையாம்மா?”

“நாலு மணி நேரம்தானேன்னு அடுப்படியில உக்காந்திருந்தேன். இனிமே படுத்தா எழுந்திரிக்க முடியாது. கோலத்தைப் போட்டுட்டு காபியைப் போட வேண்டியதுதான்.”