மாதாமாதம் வந்த பொய் எச்சரிக்கை... நூலிழையில் தப்பிய பாட்டியின் படம்!

மாதக் கடைசி சனிக்கிழமை இரவு. கள்ளக்குறிச்சியில் இருக்கும் அந்தச் சின்ன போட்டோ ஸ்டூடியோவின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார் அப்பா. பேக்கப் சாஃப்ட்வேர் வழக்கம்போல எச்சரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபைல்கள் மாறியிருக்கின்றனவாம்.

எதுவும் மாறவில்லை என்பது அவருக்குத் தெரியும். போன மாதமும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான். எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் மறுபடி எழுதச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அன்றும் மவுஸைப் பிடித்தபோது, லீவுக்கு வந்திருந்த மகள் தடுத்தாள்.

"மாறாத ஃபைலை ஏன்ப்பா மாறிடுச்சுன்னு சொல்லுது?"

"அது எப்பவும் அப்படித்தான் சொல்லும். நீ விடு பாப்பா."

அவள் விடவில்லை. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தாள். கேமரா மெமரி கார்டிலிருந்து நேராக ஏற்றிய கல்யாணப் படங்கள் ஒன்றுகூட அதில் இல்லை. கம்ப்யூட்டரில் திருத்திச் சேமித்த படங்கள் மட்டும்தான் இருந்தன.

ஒரு படத்தின் விவரத்தைத் திறந்தாள். கம்ப்யூட்டரில் இருந்ததில் 7 மணி 12 நிமிடம் 41 விநாடி என்றிருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த அதே படத்தில் 42 விநாடி. அடுத்த படத்தில் இங்கே 15, அங்கே 16. ஹார்ட் டிஸ்க் பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண்தான்!

காரணம் பழைய கதை. டிவியிலும் போட்டுப் பார்க்கலாம் என்று அந்த ஹார்ட் டிஸ்க்கை 'ஃபேட் 32' முறையில் ஃபார்மேட் செய்திருந்தார்கள். எம்எஸ்-டாஸ் காலத்திலிருந்து வரும் இந்த முறையில், ஃபைல் மாறிய நேரத்தின் விநாடியை எழுத ஒதுக்கிய இடத்தில் 32 எண்கள்தான் அடங்கும். 60 விநாடிகளை அதற்குள் அடக்க, இரண்டு இரண்டாக எண்ணினார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் வழக்கமாக இருக்கும் 'என்டிஎஃப்எஸ்' முறையோ, ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு வரை குறித்துவைக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. எத்தனை முறை மறுபடி எழுதினாலும் அதே கதைதான். கேமரா கார்டும் ஃபேட் 32 என்பதால், அதிலிருந்து வந்த படங்களின் விநாடி ஏற்கெனவே இரட்டைப்படையாக இருந்தது. அவை தப்பித்தது அதனால்தான்.

செட்டிங்கில் '2 விநாடி வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை' என்று மாற்றினாள். பட்டியல் காலியானது. அப்பாவுக்கு நிம்மதி.

மகளுக்கு இன்னொரு சந்தேகம். சாஃப்ட்வேர் பார்ப்பது நேரத்தையும் அளவையும்தானே? படம் உள்ளே நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவில்லையே? ஃபைலின் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் வசதியை ஓடவிட்டாள். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

காலையில் பட்டியலில் ஒரே ஒரு ஃபைல்.

அது வெள்ளிமலைப் பக்கத்து மலைக் கிராமத்துப் பாட்டி ஒருவரின் படம். அவர் இறந்தபோது, பழைய கல்யாண குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் பிரித்து, அப்பா நாள் முழுக்க உட்கார்ந்து திருத்திய படம். அந்த குரூப் போட்டோ பிறகு மழையில் நனைந்து வீணாகிவிட்டது. முதலாமாண்டு நினைவு நாளுக்குப் பெரிதாக பிரின்ட் போட வேண்டும் என்று, கோமுகி அணையைத் தாண்டி மலையிறங்கி அவருடைய பேரன் திங்கட்கிழமை வருவதாக இருந்தது.

கம்ப்யூட்டரில் இருந்த படத்தைத் திறந்தார்கள். நெற்றியும் கண்களும் தெரிந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருந்தது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போன மாதம் எழுதிய படத்தில் பாட்டி முழுதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முந்தின இரவு வழக்கம்போல எல்லாவற்றையும் மறுபடி எழுதியிருந்தால், கெட்டுப்போன படம் நல்ல படத்தின் மேல் ஏறியிருக்கும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"புலி வருது புலி வருதுன்னு ஆயிரம் தடவை சொல்லுச்சு. நிஜமா வந்தப்ப நான் கவனிச்சிருக்கவே மாட்டேன் பாப்பா" என்றார்.

உங்கள் வீட்டு பேக்கப்பும் இப்படி அடம்பிடித்தால், 'எல்லாம் மாற்று' என்பதை அழுத்துவதற்கு முன் இரண்டு பக்கத்து நேரத்தையும் பாருங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு விநாடி என்றால் ஃபார்மேட்தான் காரணமாக இருக்கும். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால், கம்ப்யூட்டரின் டைம் ஜோன் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிரதியை அழிக்காமல் தனியே எடுத்துவைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை உள்ளடக்கத்தை ஒப்பிட்டுவிடுவது நல்லது.

திங்கட்கிழமை வந்த பேரன், பிரின்ட்டைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்குப் புது ஹார்ட் டிஸ்க் வந்துவிட்டது. திருத்தி முடித்துவிட்ட பழைய படம் ஏதாவது இப்போது பட்டியலில் தலைகாட்டினால், அப்பா இரண்டு பிரதிகளையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறார்.