மெமரி தீர்ந்து போச்சா?

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டார். காதல் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே நான் பாடத்தைப் பற்றியே எழுதுகிறேன். 'ஐயோ, பாடமா!' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இதில் சம்பளம் வருகிறது, குழாயடி வருகிறது, எங்கள் ஊர்க் கண்மாயும் வருகிறது.

யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது, கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார்கள் என்று இரண்டு மார்க் கேள்விக்கு எல்லோரும் எழுதிவிட்டோம். அதன் வழியிலே 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார் என்பதும் தெரியும். நம்மில் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது கல்லூரி லேபில் அல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த கணினியில்தான். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்கிற லினக்ஸ் அவற்றில் பலவற்றில் இருந்தது. குமாரலிங்கபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அதைத் திறந்து பார்த்த மாமா, "யாருப்பா இந்த பாஸ், முதலாளியா?" என்று கேட்டார்.

அதெல்லாம் சரி. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு சர்வர் திடீரென்று மெதுவாகிப் போனால் என்ன செய்வது? திரையில் ஓடுகிற எண்களை எப்படிப் படிப்பது? இதற்குக் கேள்வித்தாளில் இடமில்லை. எனக்கு இது தெரிய வந்தது தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில்.

அது ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் வேன் வைத்துப் பெண்களை வேலைக்கு அழைத்துப் போவார்கள். என் சித்தியும் அந்த வேனில் போகிறவர்தான். மானாவாரிக் கரிசல், மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் கரிமூட்டத்துக்கு வேலிக்கருவை வெட்டப் போக வேண்டியதுதான் என்கிற ஊரில், மாதச் சம்பளம் என்பது சாதாரண விஷயமில்லை. ஏழாம் தேதி சம்பளம், எட்டாம் தேதி மகளிர் குழுக் கடன் தவணை. ஒரு நாள் தாமதமானால் குழுவில் அபராதம். அதைவிடப் பெரிது, எல்லார் முன்னாலும் பேர் வாசிக்கப்படுவது.

நான் போன நேரத்தில் மூன்று மாதமாக ஏழாம் தேதிகளில் சம்பளக் கணக்கு முடியவில்லை. காலையில் ஆரம்பித்தால் சாயந்திரம் வரை திரை அப்படியே நிற்கும். கணக்கர் அண்ணாச்சி பாவம், இரண்டு பக்கமும் அடி வாங்கினார். நிர்வாகம் அவரைச் சந்தேகப்பட்டது, தொழிலாளிகள் அவரைத் திட்டினார்கள். சர்வீஸ் செய்ய வந்தவர் ஒரே ஒரு கட்டளையை அடித்துப் பார்த்துவிட்டு, "மெமரி தீர்ந்து போச்சு சார், 16 ஜி.பி. போடணும்" என்று விலைப்பட்டியல் நீட்டினார். கையோடு, "பிராசஸரும் பழசு" என்று இன்னொரு பட்டியல். பட்டியல் மேசையில் கிடந்தது, கையெழுத்தாகவில்லை. சம்பளமும் ஆகவில்லை.

அவர் அடித்த கட்டளை 'ஃப்ரீ'. நானும் அடித்துப் பார்த்தேன். மொத்தம் 7.7 ஜி.பி., பயன்பாட்டில் 2.9, ஃப்ரீ வெறும் 0.2, கேஷ் 4.6. ஃப்ரீ என்ற கட்டத்தை மட்டும் பார்த்தால் பதறத்தான் தோன்றும். ஆனால் கடைசியில் 'அவெய்லபிள்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் 4.2 என்று இருந்தது!

நம் ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்து கண்மாய் நிரம்பிக் கிடக்கிறது. கரையில் நின்று ஒருவன், "அடடா, கண்மாயில் காலி இடமே இல்லையே!" என்று அழுதால் என்ன சொல்வோம்? ஃப்ரீ என்பது அந்தக் காலி இடம். வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை மறுபடி கேட்பார்கள் என்று லினக்ஸ் மெமரியிலேயே தேக்கி வைக்கிறது. அதுதான் கேஷ். ஏதாவது ஒரு புரோகிராமுக்கு மெமரி தேவைப்பட்டால் மடையைத் திறக்கிற மாதிரி அதில் பெரும்பகுதியை உடனே விட்டுக் கொடுத்துவிடும். அப்படி விட்டுக் கொடுக்கக் கூடியது எவ்வளவு என்கிற மதிப்பீடுதான் அவெய்லபிள். 2014-இல் வந்த 3.14 கெர்னலில்தான் இந்தக் கணக்கைக் கெர்னலே சொல்ல ஆரம்பித்தது. அதற்கு முன்னால் நாமே ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிக் குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய பழக்கத்தில் இன்னமும் ஃப்ரீயை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பயமுறுத்துகிறவர்களும் உண்டு.

"ஸ்வாப்பில் 300 எம்.பி. போயிருக்கே தம்பி, அது மெமரி பத்தாததாலதானே?" என்று அண்ணாச்சி கேட்டார். நல்ல கேள்வி. ஸ்வாப் என்பது வீட்டுப் பரண். எப்போதோ ஒருமுறை எடுக்கிற அண்டாவைப் பரணில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம். அண்டா பரணில் இருப்பது கோளாறு இல்லை. சோறு வடிக்கிற பானையைப் பரணில் போட்டுவிட்டு வேளைக்கு வேளை ஏணி வைத்து ஏறி இறங்கினால்தான் குடும்பம் நடக்காது. ஆகவே பரணில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதீர்கள், ஏணியில் எவ்வளவு போக்குவரத்து என்று பாருங்கள். அதைச் சொல்வது 'வி.எம்.ஸ்டாட்' கட்டளையின் எஸ்.ஐ., எஸ்.ஓ. என்ற இரண்டு கட்டங்கள். அங்கே இரண்டும் பூஜ்யம். ஐந்து வினாடிக்கு ஒருமுறையாகப் பத்து வரி பார்த்தோம், பத்திலும் பூஜ்யம். (சன் நிறுவனம் உருவாக்கிய சொலாரிஸில் இதே நிலைமைக்கு எஸ்.ஆர். என்ற கட்டத்தைப் பார்ப்பார்கள். பக்கங்களைத் தேடிக் கெர்னல் எவ்வளவு அலைகிறது என்று அது சொல்லும்.)

ஆக, மெமரி தீரவில்லை. அப்படியென்றால் பிராசஸர்தானே? லோடு ஆவரேஜ் 9.2, 8.7, 6.1 என்று காட்டியது. நான்கு கோர் உள்ள பொறியில் ஒன்பது!

இந்த லோடு ஆவரேஜுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1970-களின் ஆரம்பத்திலேயே டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தில் இருந்தது, யூனிக்ஸுக்குப் பிறகு வந்தது. மூன்று எண்கள், முறையே ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் சார்ந்தவை. முதல் எண் மூன்றாவதைவிடப் பெரிதாக இருந்தால் நெரிசல் ஏறிக்கொண்டிருக்கிறது, சிறிதாக இருந்தால் இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும்போது குழாயடியில் குடங்கள் வரிசை கட்டுமே, அந்தக் குடங்களின் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிக்கொண்டிருக்கிற குடமும் கணக்கில் சேரும். நான்கு குழாய் இருந்து நான்கு குடம் இருந்தால் யாரும் காத்திருக்கவில்லை. நான்கு குழாய்க்கு ஒன்பது குடம் என்றால் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள்.

குழாய் போதவில்லை, இன்னும் நான்கு குழாய் போடு என்பதுதானே நியாயம்? சர்வீஸ்காரர் சொன்னதும் அதுதான். ஆனால் குழாயடிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சில நாள் குடம் இருபது நிற்கும், குழாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. கரண்ட் போயிருக்கும், மோட்டார் ஓடாது. குழாய் நான்கும் சும்மா இருக்கும், வரிசை மட்டும் வளரும்.

லினக்ஸில் அப்படியே நடக்கும். மற்ற யூனிக்ஸ்களில் பொதுவாகப் பிராசஸரில் ஓடுகிறவையும் அதற்காகக் காத்திருப்பவையும் மட்டுமே லோடு ஆவரேஜில் சேரும். லினக்ஸிலோ 1993-இல் செய்த ஒரு சிறு மாற்றத்தால், வட்டுக்காகக் காத்து எழுப்ப முடியாத உறக்கத்தில் இருப்பவையும் சேர்ந்தன. ஆகவே லினக்ஸில் லோடு அதிகம் என்பதை வைத்துக்கொண்டு பிராசஸர் போதவில்லை என்று சொல்லவே முடியாது. இதைத் தெரியாமல் பிராசஸர் மாற்றினால் காசுக்குக் கேடு.

வி.எம்.ஸ்டாட் வரியை மறுபடி பார்த்தோம். ஓடத் தயாராக இருப்பவை 'ஆர்' கட்டத்தில் 1. தடைபட்டு நிற்பவை 'பி' கட்டத்தில் 7. பிராசஸர் கணக்கில் பயனர் வேலை 6 சதவீதம், கெர்னல் வேலை 3, சும்மா இருப்பது 22, டபிள்யூ.ஏ. 69. இந்த டபிள்யூ.ஏ. என்பதும் ஒரு வகையில் சும்மா இருப்பதுதான்: 'எனக்கு வேலை இல்லை, ஆனால் வட்டிலிருந்து ஒன்று வர வேண்டியிருக்கிறது' என்று பிராசஸர் சொல்லும் நேரம். கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு 91 பங்கு பிராசஸர் கை கட்டி நிற்கிறது! அதைத்தான் மாற்றச் சொல்லிப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள்.

வட்டை இப்படிப் பிடித்து வைத்திருப்பது யார்? 'பி.எஸ்.' கட்டளையில் 'டி' நிலையில் நிற்பவற்றைத் தேடினோம். சம்பளப் புரோகிராம் அதில் இருந்தது. அதோடு கூடவே 'டார்' என்று ஒன்று. டார் என்றால் பேக்கப். வேலை நேரம் பத்தரை மணிக்கு யார் பேக்கப் எடுக்கிறார்கள்?

"ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் இருந்துச்சு தம்பி," என்றார் அண்ணாச்சி. "கரண்ட் போயிப் போயி வந்து யு.பி.எஸ். தாங்கல. அதனால ராத்திரி ஆபீஸ மூடும்போது மெஷினையும் ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க. பேக்கப் நின்னு போச்சுன்னு, போன தடவ வந்தவரு பகல்ல மாத்தி வச்சாரு."

போன தடவை வந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே பதில் இருந்தது.

ஒவ்வொரு நாளும் பத்தரைக்கு அந்த பேக்கப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மற்ற நாளில் யாராவது ஒருவர் ஒரு வவுச்சர் போடுவார், சற்றுத் தாமதம் என்று நினைத்துக்கொள்வார். ஏழாம் தேதி மட்டும் அத்தனை பேருடைய வருகைப் பதிவையும் சம்பளப் புரோகிராம் படிக்க வேண்டும். ஒரே பழைய சுழல் வட்டில் இரண்டு பேர் இரண்டு மூலையிலிருந்து இழுத்தால் அந்த முள் எங்கேதான் நிற்கும்? தவிர, டார் எல்லாக் கோப்பையும் படித்துத் தள்ளும்போது கேஷில் இருந்த நல்ல சரக்கும் வெளியே போய்விடும்.

நான் பயிற்சிக்கு வந்த பையன். சர்வரில் கை வைக்க எனக்கு உரிமையில்லை. பார்த்த எண்களைத் தேதி, மணியோடு ஒரு தாளில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் மேனேஜரிடம் கொண்டுபோனார். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "டிப்ளமா படிக்கிற பையன் சொல்றதக் கேட்டு..." என்று இழுத்தாராம். காசு செலவில்லாத யோசனை என்பதால் கடைசியில் சரி என்றார். பேக்கப்பை மாலை ஏழு மணிக்கு மாற்றினார்கள், மூடுகிறவர் அது முடிந்த பிறகே பொறியை நிறுத்த வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

அடுத்த ஏழாம் தேதி நான் அங்கே இல்லை, கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். அண்ணாச்சிதான் போன் செய்தார். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் கணக்கு முடிந்துவிட்டதாம், லோடு 1.3-க்கு மேல் ஏறவில்லையாம். இப்போது அவரே வி.எம்.ஸ்டாட் அடித்துப் பார்க்கிறார்! சித்தியிடம் விவரமாகச் சொல்ல முயன்றேன். "அதெல்லாம் எனக்கு எதுக்குய்யா, குழுவுல பேரு வாசிக்காம இருந்தாச் சரி" என்று முடித்துவிட்டார். வட்டு பழையதுதான், ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். அந்தக் காசு மெமரிக்குப் போகாமல் மிஞ்சி இருக்கிறது.

இனி, நம் லேபில் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில. வி.எம்.ஸ்டாட் காட்டும் முதல் வரியை விட்டுவிடுங்கள். அது பொறி துவங்கிய நேரத்திலிருந்து இதுவரைக்குமான சராசரி. இப்போதைய நிலைமை இரண்டாவது வரியிலிருந்துதான் வரும். 'டாப்' கட்டளையில் ஒரு புரோகிராமுக்கு 250 சதவீதம் என்று வந்தால் சிரிக்காதீர்கள். ஒரு கோரை நூறாக வைத்து எண்ணுகிறது, இரண்டரைக் கோர் என்று பொருள். அதே டாப்பில் ரெஸ் என்ற கட்டத்தை எல்லாப் புரோகிராமுக்கும் கூட்டினால் இருக்கிற மெமரியைவிட அதிகமாக வரலாம். பலர் பங்கு போட்டுக்கொள்ளும் மெமரியை ஒவ்வொருவர் பேரிலும் எழுதுவதால் வருகிற வினை அது; பொதுக் கிணற்றை ஆளாளுக்குத் தன் சொத்துக் கணக்கில் காட்டுகிற கதை.

வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வராக இருந்தால் எஸ்.டி. என்ற கட்டத்தையும் பாருங்கள். நம்முடைய முறையில் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்ட தண்ணீர் அது. அதில் எண் ஏறினால் நம் புரோகிராமை எவ்வளவு சீர்திருத்தினாலும் பயனில்லை, வாடகை வாங்குகிறவரிடம்தான் பேச வேண்டும்.

சர்வர் நன்றாக ஓடுகிற ஒரு சாதாரண நாளில் இந்த எண்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அண்ணாச்சி தேதி, மணி போட்டு எழுதுகிறார், லெட்ஜர் எழுதுகிற அதே கையெழுத்தில்.