கியோங் சாய்க் சாலையில் கறிவேப்பிலை

சிங்கப்பூர்

அன்புள்ள சுரண்டை நண்பர்களுக்கு,

சாயங்காலமானால் நம் ஊர்த் தள்ளுவண்டிகளில் கிடைக்கும் 'சைனீஸ்' எல்லோருக்கும் தெரியும்: ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன். சீனாக்காரர் ஒருவரை அழைத்துவந்து அந்தத் தட்டை நீட்டினால், இது எந்த நாட்டுச் சாப்பாடு என்று நம்மிடமே கேட்பார். சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியவர் என்று பெயர் பெற்றவர் கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங். 1975-இல் மும்பையில் நடந்த சங்கதி அது. அப்படியானால் சீனர் தம் வீட்டில் என்னதான் சாப்பிடுகிறார்? சிங்கப்பூருக்கு வரும் சுரண்டைக்காரர் அதை அறிய வேண்டுமானால், நம்மவர் கூடும் தேக்காவின் பிரியாணிக் கடைகளை ஒரு வேளைக்கு மறந்துவிட்டுக் கியோங் சாய்க் சாலைக்கு வர வேண்டும்.

அவுட்ராம் பார்க் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். கீழே கடை, மேலே வீடு என்று கட்டிய பழைய கடைவீடுகள் வரிசையாக நிற்கும் சாலை. ஒரு முனையில் ஸ்ரீ லயன் சித்தி விநாயகர் கோவில். நகரத்தார் 1925-இல் எழுப்பியது. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அதே சாலையில் கொஞ்சம் நடந்தால் 'கொக் சென்' என்ற சாப்பாட்டுக் கடை. குடும்பமாகச் சேர்ந்து நடத்துவது. மிஷலின் உணவக வழிகாட்டியின் 'பிப் குர்மோண்ட்' (கட்டுப்படியான விலையில் நல்ல சாப்பாடு) பட்டியலில் இடம்பிடித்த கடைதான் என்றாலும் அலங்காரம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வரிசை நிற்கும்.

இந்தச் சுற்றுவட்டாரம் நம் சீமைக்குப் புதிதல்ல. பக்கத்திலுள்ள தஞ்சோங் பகார்தான் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் நிறையப் பேர் குடியேறிய இடம். ஊரில் தறி கைவிட்ட காலத்தில் கப்பலேறியவர்கள். மற்ற தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் வந்து சம்பாதித்துத் திரும்பியபோது, இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. அதன் முயற்சியில் 1946-இல் உருவானது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. அடுத்த தெருவில் சீனர், எதிர் வரிசையில் மலாய்க்காரர் என்று வாழ்ந்த பேட்டை இது.

கொக் சென் போன்ற கடைகளை இங்கே 'சி சார்' என்கிறார்கள். கேட்டபிறகு அடுப்பில் ஏற்றிச் சமைத்துத் தருகிற கடை. பெரும்பாலானவை தனிக் கட்டடத்தில் இல்லை. காப்பிக்கடையின் பின்பக்கத்தில் ஓர் அடுப்படியை வாடகைக்கு எடுத்து நடப்பவை. டீயும் காப்பியும் விற்பவர் வேறு, சமைப்பவர் வேறு, இருவருக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும். வயதில் மூத்தவரென்றால் கடைக்காரர் யாரானாலும் 'அங்கிள்', 'ஆன்ட்டி'தான்.

புதிதாக வருபவர் முதலில் தடுமாறுவது ஆர்டர் கொடுப்பதில். ஆளுக்கொரு தட்டு என்ற பேச்சே இங்கே இல்லை. நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு மீன், ஒரு கீரை, ஒரு கறி, டோஃபு அல்லது முட்டையில் ஒன்று என்று சொல்ல வேண்டும். சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு உண்டு. எல்லாம் மேசை நடுவில் வந்து இறங்கும். ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் வெறும் வெள்ளைச் சோறு. தொட்டுக்கொள்ளத்தான் மற்றதெல்லாம். ஃப்ரைடு ரைஸும் பட்டியலில் உண்டு, ஆனால் வீட்டுச் சாப்பாட்டு முறையில் உட்காருபவர்கள் அதைப் பெரிதாகத் தேடுவதில்லை. ஆக, சீனர் வீட்டுச் சாப்பாடு தள்ளுவண்டி நூடுல்ஸைவிட நம் மத்தியானச் சோற்றுக்குத்தான் கிட்டத்து உறவு.

மீனை எடுத்துக்கொள்வோம். கொடுவாவோ வாவலோ தலையும் வாலுமாக முழுசாக ஆவியில் வேகும். கான்டனீஸ் சீனர் முறையென்றால் இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ். கடைசியில் புகைகிற எண்ணெயை மேலே ஊற்றுவார்கள். தியோச்சியூ சீனர் முறையென்றால் உப்பில் ஊறிய பிளம், தக்காளி, ஊறுகாயாகப் போட்ட கடுகுக்கீரை சேரும்; சாறு புளிப்பாக இருக்கும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் எதுவும் கிடையாது. மீன் பழசானால் மறைக்க ஒரு மசாலாவும் இல்லாததால், அன்று வந்த மீன் எது என்று கேட்டுச் சொல்வது நல்லது. விலையும் அன்றன்றைக்கு மாறும். அதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

முட்டையிலும் ஒரு விசேஷம் உண்டு. சாதாரண முட்டை, உப்பில் ஊறிய வாத்து முட்டை, காரத்தன்மை (alkaline) கொண்ட கலவையில் வாரக்கணக்கில் பதப்படுத்திக் கறுத்துப்போன முட்டை மூன்றையும் சேர்த்து, தண்ணீர் விட்டு ஆவியில் வைப்பார்கள். கரண்டி பட்டால் குலுங்கும். கீரையில் சர்க்கரைவள்ளிக் கொழுந்து. நம் பக்கம் பெரும்பாலும் ஆடுமாட்டுக்குப் போகிற அதே கொழுந்து, பூண்டோடு வதங்கி வருகிறது. பாகற்காய் போட்ட ஆம்லெட் உண்டு. கருவாடும் கோழியும் சேர்த்து வறுத்த சோறும் உண்டு. கொக் சென்னில் பேர் பெற்றது பெரிய இறால் போட்ட ஹோர் ஃபன். அகலமான அரிசி நூடுல்ஸை இரும்புச் சட்டியில் கொழுந்துவிடும் தீயில் புரட்டி, இறாலின் சாரம் இறங்கிய கெட்டிக் குழம்பை மேலே ஊற்றித் தருகிறார்கள். அந்தத் தீ வீட்டு அடுப்பில் வராது. பக்கத்தில் நின்றால் பேச்சு காதில் விழாத அளவு இரைச்சல்.

இனிதான் நம் ஊர்க்காரர் நிமிர்ந்து உட்காரும் கட்டம். சி சார் கடைகளில் 'உப்பு முட்டை இறால்', 'சீரியல் இறால்' என்று இரண்டு உண்டு. உப்பு முட்டையின் மஞ்சள் கருவிலோ, மொறுமொறுவென்ற தானியச் செதில் கலவையிலோ இறால் புரண்டு வரும். இரண்டிலும் தாளித்த கறிவேப்பிலையும் சின்ன மிளகாயும் வாசம் வீசும். சீனச் சமையற்காரர் நம்மிடம் கற்றதா, மலாய் அடுப்படி வழியாக வந்ததா என்று பிரித்துப் பார்க்க இப்போது வழியில்லை. கங்கோங் எனும் வள்ளைக்கீரையை மலாய்க்காரரின் மிளகாய் விழுதான சம்பாலில் வதக்குவதும் அதே சட்டியில்தான். மீன்தலைக் கறி இன்னும் வேடிக்கை. கேரளத்துக்காரர் எம்.ஜே. கோமஸ் 1949-இல் சிங்கப்பூரில் விற்கத் தொடங்கியதாகச் சொல்கிறார்கள்; மீன்தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்கள் அதைக் கொண்டாடினார்கள். இன்று சி சார் கடைகள் புளி தூக்கலாக, வெண்டைக்காயும் கத்தரிக்காயும் போட்டு அதைத் தங்கள் பண்டமாகவே பரிமாறுகின்றன. சுத்தச் சீனச் சாப்பாடு தேடி வந்தவருக்கு மண்சட்டியில் கொதிக்கும் புளிக்குழம்பு! ஆனால் நூற்றாண்டுக்கு மேலாகப் பக்கத்து வீட்டு வாசம் மூக்கில் ஏறிய சீனர், தம் வீட்டில் நிஜமாகவே சாப்பிடுவது இதையும்தான்.

சில எச்சரிக்கைகள். இக்கடைகள் பலவற்றில் பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் புழங்கும். ஹலால் தேடுபவர்கள் சான்றிதழ் மாட்டிய சி சார் கடைக்குப் போக வேண்டும், அப்படியும் உண்டு. கீரைதானே என்று சைவக்காரர் நம்பிவிடக் கூடாது: சிப்பி சாஸ், காய்ந்த இறால் இரண்டும் அதில் ஒளிந்திருக்கும். 2022 முதல் காப்பிக்கடைகளில் சாப்பிட்ட தட்டை எடுத்துவைப்பது சட்டப்படி வாடிக்கையாளர் வேலை. பெரிய கடைகளில் பில்லோடு 9 சதவீதப் பொருள் சேவை வரியும் சேரும்.

வருவதானால் நான்கு பேராக வாருங்கள். இரண்டு பேர் வந்தால் இரண்டு தட்டுக்கு மேல் காலி செய்ய முடியாது. மீனா இறாலா என்று பஞ்சாயத்து வைப்பதற்குள் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முறைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்