இடுகுறியும் காரணக்குறியும்: விண்மீன்களின் இசை

விண்மீன்களின் இயல்புகளை இசையாக்கும் முயற்சி பலருக்கு ஓர் அழகிய பொழுதுபோக்கு. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வானியலாளர் வாண்டா டியாஸ்-மெர்செட்டுக்கோ அதுவே ஆய்வுக் கருவி. இயற்பியல் மாணவியாக இருந்தபோது நோயினால் பார்வையை இழந்தவர் அவர். வானியல் தரவுகள் பெரும்பாலும் வரைபடங்களாகவே வழங்கிய காலம் அது. எனினும் அவர் துறையை விட்டு விலகவில்லை. எண்களைச் சுருதியாகவும் ஒலியளவாகவும் மாற்றிச் செவியால் ஆராய்ந்தார். அவ்வாய்வுக்கே 2013இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுக்கும். விண்மீன் இசைக்கும் இப்பகுப்புப் பொருந்தும். மிகுந்த ஒளிக்கு உயர்ந்த சுருதி என்பது ஆய்வாளர் இட்ட குறி. தாழ்ந்த சுருதியையும் அவர் இட்டிருக்கலாம். சூரியனின் அதிர்வு அத்தகையதன்று. அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 5 நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. சூரியனுக்குள் உலவும் ஒலியலைகளே அதற்குக் காரணம். செவிக்கு எட்டாத அவ்வதிர்வுகளைப் பன்மடங்கு விரைவுபடுத்தினாலும், அவற்றுக்கு இடையிலான விகிதம் மாறுவதில்லை. சிவந்த பெருவிண்மீன்கள் சூரியனைவிட மெதுவாக அதிர்கின்றன. ஆகவே அவற்றின் சுருதியும் தாழ்ந்தே ஒலிக்கிறது.

இட்ட குறியாயினும் காரணக் குறியாயினும், அது இடையில் மாறாதிருப்பதே அறிவுக்கு அடிப்படை. கேட்போரை மகிழ்விக்க ஒரு சுரத்தைத் திருத்தினால், கண்ணால் காண்பவருக்குப் பேரிழப்பு இல்லை; வரைபடம் எஞ்சியிருக்கும். செவியை மட்டுமே நம்பியிருப்பவருக்கோ, அந்த இடத்தில் ஒரு விண்மீனே பொய்யாகிவிடுகிறது.